எந்த லேப்டாப்பும் போதாத ஊர்

ஆகஸ்ட் 4

என் பொடிசுக்கு,

பாட்டி எழுதுகிறேன். நான் நலம், உன் அம்மா நலம், சுவர்க் கடிகாரம் மட்டும் பத்து நிமிடம் பின்னால் ஓடுகிறது. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? விடுதித் தண்ணீர் ஒத்துக்கொண்டதா?

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று சிரிக்காதே. முப்பத்தொரு வருடம் ஆஸ்பத்திரி ரெக்கார்டு ரூமில் கோப்பு எடுத்துக் கொடுத்தவள் நான். வாயால் சொன்னதை அங்கே யாரும் நம்பமாட்டார்கள். பேப்பரில் இருந்தால்தான் நடந்தது. தவிர, நீ எழுதுவதை நான் கடைக்காரரிடம் நீட்ட வேண்டும்.

விஷயம் இதுதான். நீ இருக்கும்போதே நின்றுபோன நம் கேம் மிஷினை, நீ போன மறுவாரம் ஸ்க்ரூவிடம் கொடுத்தேன். மாடிப்படிக்கு அடியில் கடை வைத்துப் பழுது பார்க்கிறாரே, அவர். திறந்து பார்த்துவிட்டு, "பாட்டிம்மா, இதுக்குக் கண்ணு போயிடுச்சு. தட்டைப் படிக்கிற லென்ஸ் இனிமே கிடைக்காது. பேசாம ஒரு லேப்டாப் வாங்குங்க. எமுலேட்டர்னு ஒரு மென்பொருள் இருக்கு, அதைப் போட்டா லேப்டாப்பு இந்தப் பழைய மிஷின் மாதிரியே நடிக்கும். உங்க தட்டு, உங்க மெமரி கார்டு, எல்லாம் அதுலயே ஓடும்" என்றார். எந்த லேப்டாப் என்று கேட்டேன். "கொஞ்சம் சக்தி உள்ளதா இருக்கணும். உங்க பேத்தி கம்ப்யூட்டர்தானே படிக்குது? அதையே கேளுங்க" என்றார். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நான் கொஞ்சம் நிமிர்ந்துகொண்டேன்.

பதினோரு வருடம் நாம் இருவரும் கட்டிய ஊர், பொடிசு. உனக்கு வீடும் ரயிலும், எனக்குச் சாலையும் சாக்கடையும். முப்பத்தெட்டுத் தெரு. தெரு என்ற சொல் போக எட்டு எழுத்துக்கு மேல் ஏறாது என்று அந்த விளையாட்டு அடம்பிடிக்க, அதற்குள் அடக்கி நான் வைத்த பெயர்கள்: ஊசி அக்கா தெரு, கண்ணாடிக்காரர் தெரு, லிஃப்ட் மாமா தெரு. என்னோடு வேலை பார்த்த அவர்களில் பாதிப் பேர் இப்போது இல்லை. அந்த ஊரில் மட்டும்தான் இருக்கிறார்கள். பாலம் வேறு பாதியில் நிற்கிறது. ஆளுக்கொரு கரையில் நின்று, இரண்டு கண்ட்ரோலரும் சேர்ந்து அழுத்தினால்தான் அது நீளும். உன் லீவில் முடிக்கலாம் என்று பேசியிருந்தோம். என் வலது கட்டைவிரல் இப்போதே காலையில் மடங்க மறுக்கிறது. அது ஒரேயடியாக மறுப்பதற்குள் முடித்துவிட வேண்டும்.

நம் ஊரைச் சேமித்து வைத்த மெமரி கார்டு இருந்த இழுப்பறையில் நீ வைத்துவிட்டுப் போன சீட்டைப் பார்த்தேன். "எடுத்தது: மெமரி கார்டு. எடுத்தவர்: பொடிசு. காரணம்: விடுதியில் பிரதி எடுக்க. திரும்ப வைத்த தேதி:" என்று எழுதி, அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறாய். கோப்பு எடுத்த இடத்தில் சீட்டு வைக்கும் எங்கள் ரெக்கார்டு ரூம் வழக்கம் அப்படியே உன் கையில் வந்திருக்கிறது. பெருமையாக இருந்தது.

எந்த லேப்டாப் என்று விவரமாக எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்.

முதல் கண்ட்ரோலர்,
பாட்டி


ஆகஸ்ட் 23

என் செல்லப் பாட்டிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். தண்ணீர் பழகிவிட்டது, சாப்பாடுதான் பழகவில்லை. உங்கள் விரலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். பதில் தாமதமானதற்கு மன்னியுங்கள், வகுப்புகள் அதிகம்.

லேப்டாப்பெல்லாம் எதற்கு பாட்டி? சிரமம். வாங்கியே தீரவேண்டும் என்றால் கீழே உள்ளதைக் கடையில் காட்டுங்கள்: நான்கு கோர் பிராசஸர், எட்டு ஜி.பி. ரேம், எஸ்.எஸ்.டி. இப்போது வரும் லேப்டாப்பில் தட்டு போடும் வாய் கிடையாது. அதனால் வெளியே ஒட்டும் டிவிடி டிரைவ் ஒன்று.

நம் ஊர் பத்திரமாக இருக்கிறது. பாலம் பாதியில் அப்படியே நிற்கிறது. கவலை வேண்டாம்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

இரண்டாவது கண்ட்ரோலர்,
பொடிசு


செப்டம்பர் 1

என் பொடிசுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். ஒத்தடம் கொடுக்கிறேன், விரலும் கொஞ்சம் பேச்சைக் கேட்கிறது. நீ இளைத்துவிடாதே.

பத்திரமாக இருக்கிறது என்று நீ எழுதிய வரியை நாலு தடவை படித்தேன். பிறகு உன் கடிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு பஸ் நிலையம் பக்கம் இருக்கும் கடைக்குப் போனேன். டை கட்டிய விற்பனையாளர் ஒருவர் வந்தார்.

"சொல்லுங்கம்மா, பேரனுக்கா?"

"எனக்கு."

"மெயில் பார்க்க, வீடியோ கால் பேசவா?"

"ஊர் கட்ட."

மனிதர் என் முகத்தைப் பார்த்தார், பையைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். என்னை அழைத்து வந்தவர் யாராவது பின்னால் வருகிறார்களா என்று தேடியிருப்பார். நான் உன் கடிதத்தை நீட்டினேன். படித்த பிறகு நாற்காலி போட்டார். "எழுதினது யாரும்மா?" என்றார். "என் பேத்தி. கம்ப்யூட்டர் படிக்கிறாள்" என்றேன்.

நீ எழுதியது அத்தனையும் உள்ள சாம்பல் நிற லேப்டாப் ஒன்றைக் காட்டினார். பெட்டியில் இருந்த எண், எழுத்து, புள்ளி எதையும் விடாமல் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். கோப்பு எண் எழுதிப் பழகிய கை, தப்பு இருக்காது. சரி என்று ஒரு வார்த்தை எழுது, வாங்கிவிடுகிறேன்.

நன்றாகத் தூங்கு.

முதல் கண்ட்ரோலர்,
பாட்டி


செப்டம்பர் 27

என் செல்லப் பாட்டிக்கு,

நலம். நீங்களும் அம்மாவும் நலம்தானே?

நீங்கள் அனுப்பிய விவரத்தைப் பார்த்தேன். அந்த லேப்டாப் போதாது பாட்டி. தனி கிராஃபிக்ஸ் கார்டு உள்ளது வேண்டும், ரேமும் பதினாறு ஜி.பி. வேண்டும். முன்பு அவசரத்தில் குறைத்து எழுதிவிட்டேன். ஒரு மிஷினை இன்னொரு மிஷின் மாதிரி நடிக்கவைப்பது லேசான காரியம் இல்லை. அது டெக்னிக்கலான விஷயம், எழுதினாலும் உங்களுக்குப் புரியாது.

அவசரப்பட வேண்டாமே. இத்தனை நாள் இருந்த ஊர் எங்கே போய்விடும்?

உடம்பைக் கவனியுங்கள்.

பொடிசு


அக்டோபர் 3

என் பொடிசுக்கு,

நலம்தான். உன் அம்மாவுக்கு இரண்டு நாள் சளி, இப்போது தேவலை.

எழுதினாலும் எனக்குப் புரியாது என்றிருக்கிறாய். ஐந்தாவதோடு நிறுத்தப்பட்டவள்தான், மறுக்கவில்லை. ஆனால் இரண்டு லட்சம் கோப்பில் எது எந்த அலமாரி என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னவள். டாக்டர்களே வாசலில் நின்று, "அம்மா இருக்காங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். நீ எழுதிப் பார்த்திருக்கலாம். போகட்டும், அவசரத்தில் எழுதியிருப்பாய்.

இந்தத் தடவை இரண்டு பஸ் மாறிப் பெரிய கடைக்குப் போனேன். நம் டை கட்டியவரிடம் போய் "போதாதாம்" என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருந்தது. பெரிய கடையில் கேமிங் லேப்டாப் என்று ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தார்கள். அடேயப்பா! கீபோர்டுக்கு அடியில் சிவப்பும் பச்சையுமாக விளக்கு ஓடுகிறது. முதுகில் விசிறி, மாவு மிஷின் மாதிரி சத்தம். தூக்கிப் பார்த்தேன், நீ பிறந்த அன்று உன்னைத் தூக்கிய கனம் இருந்தது. பதினாறு ஜி.பி., தனி கிராஃபிக்ஸ், எல்லாம் இருக்கிறது. விற்பனைப் பெண் உன் கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, "இவ்வளவு எதுக்குப் பாட்டி?" என்று கேட்டாள். "என் பேத்தி காரணம் இல்லாமல் எழுதமாட்டாள்" என்றேன்.

விவரம் இதோடு இருக்கிறது. லீவுக்கு என்றைக்கு வருகிறாய்? உன் கண்ட்ரோலரைத் துடைத்து வைத்திருக்கிறேன்.

பத்திரமாக இரு.

முதல் கண்ட்ரோலர்,
பாட்டி


நவம்பர் 10

பாட்டிக்கு,

நலம். உங்கள் நலமும் அம்மாவின் நலமும் அறிய ஆவல்.

தாமதத்திற்கு மன்னியுங்கள். அந்த லேப்டாப் சூடாகும், சூடானால் வேகம் குறையும். அதுவும் சரிப்படாது. அடுத்த வருடம் புது மாடல் வருமாம், அதுவரை பொறுக்கலாம். இந்த லீவுக்கு நான் வரவில்லை. புராஜெக்ட் வேலை.

கடை கடையாக அலையாதீர்கள். முழங்கால் என்ன ஆகும்?

பொடிசு


நவம்பர் 16

என் பொடிசுக்கு,

எல்லோரும் நலம். நீ வராதது உன் அம்மாவுக்கு வருத்தம். எனக்கும்தான், ஆனால் படிப்பு பெரிது. இந்தக் கடிதத்தில் நல்ல செய்தி இருக்கிறது, உட்கார்ந்து படி.

நம் பழைய மிஷினைத் திரும்ப வாங்கி வரலாம் என்று ஸ்க்ரூவிடம் போனேன். உன் மூன்று கடிதத்தையும் காட்டினேன். படித்துவிட்டு மனிதர் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டார்.

"பாட்டிம்மா, இதெல்லாம் இப்ப வர்ற புது மிஷினை நடிக்கவைக்கக் கேட்கிற சக்தி. உங்களது இருபது வருஷத்துப் பழசு. அதுவும் ஊர் கட்டுற ஆட்டம், சண்டையா, ரேஸா? இதுக்கு என் கல்லா மேல இருக்கிற ஓட்டை லேப்டாப்பே தாராளம்."

"சும்மா சொல்லாதீங்க."

"தட்டைக் கொண்டாங்க."

வீட்டுக்கு வந்து தட்டை எடுத்துக்கொண்டு ஓடினேன் என்றே வைத்துக்கொள். டிவிடி டிரைவைச் சொருகி, எமுலேட்டரைத் திறந்து, பத்தே நிமிடம். நம் விளையாட்டின் அந்த ஆரம்பப் பாட்டு! ஒரு திக்கல் இல்லை, ஒரு நடுக்கம் இல்லை. நம் மிஷினில்கூட இவ்வளவு வழுவழுப்பாக ஓடியதில்லை. கூரியர்காரரும் பக்கத்துக் கடை தையல்காரரும் வந்து வேடிக்கை பார்த்தார்கள்.

உனக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் தவறாகச் சொல்லிவிட்டார்கள் போலிருக்கிறது. ஸ்க்ரூ அப்படித்தான் சொன்னார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காமல் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். நீ மனதில் வைத்துக்கொள்ளாதே, படிக்கிற வயதில் தப்பு வருவது சகஜம்.

மெமரி கார்டைப் படிக்கும் கருவியும் அவரிடம் இருக்கிறதாம். அதனால் கார்டை மட்டும் தபாலில் அனுப்பு. பஞ்சு வைத்துச் சுற்றி அனுப்பு. ஊர் இங்கே வந்து காத்திருக்கட்டும், நீ வரும்போது பாலத்தை முடிப்போம்.

சாப்பிடாமல் புராஜெக்ட் செய்யாதே.

முதல் கண்ட்ரோலர்,
பாட்டி


டிசம்பர் 20

பாட்டிக்கு,

நலம், நலமறிய ஆவல்.

கார்டை இதோடு அனுப்பியிருக்கிறேன். பழைய கார்டு, தபாலில் அடிபட்டிருந்தால் உள்ளே இருப்பது அழிந்துபோக வாய்ப்பு உண்டு. அப்படி ஆகியிருந்தால் யாரும் ஒன்றும் செய்ய முடியாது. முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பொடிசு


ஜனவரி 2

பொடிசுக்கு,

நலம்.

கார்டு வந்தது. அடிபடவில்லை. உறையில் ஒரு மடிப்புகூட இல்லை.

ஸ்க்ரூ அதைக் கருவியில் சொருகினார். உள்ளே ஏழு விளையாட்டு இருக்கிறது. ஏழும் திறக்கிறது. கார் ஓட்டும் ஆட்டம், பந்தாட்டம், குத்துச்சண்டை. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அது சேமிக்கப்பட்ட தேதி இருக்கிறது. ஏழில் மூத்தது ஜூலை 19.

"உங்க ஊரு கார்டு முழுக்க அடைச்சிருக்கும் பாட்டிம்மா. அதை எடுக்காம இதுல ஒண்ணுகூட உள்ளே போயிருக்காது" என்றார்.

நான் வீட்டுக்கு வந்து உன் கடிதங்களைத் தேதி வரிசையில் அடுக்கினேன். "நம் ஊர் பத்திரமாக இருக்கிறது. பாலம் பாதியில் அப்படியே நிற்கிறது." ஆகஸ்ட் 23.

ஜூலைக்குப் பிறகு ஆகஸ்ட் வரும் என்று ஐந்தாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

யார் அழித்தது? இது ஒன்றைத்தான் கேட்கிறேன்.

பாட்டி


பிப்ரவரி 8

பாட்டி,

நலமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஐந்து தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

நான்தான் அழித்தேன்.

விடுதிப் பொது அறையில் நம் மிஷின் மாதிரியே ஒன்று இருக்கிறது, சீனியர் அக்காக்களுடையது. அவர்களிடம் மெமரி கார்டு இல்லை. நான் வந்து ஒரு மாதம்தான், யாரும் என்னோடு பேசுவதில்லை. என்னிடம் கார்டு இருக்கிறது என்று சொன்னதும் கூப்பிட்டு நடுவில் உட்காரவைத்தார்கள். பிரதி இன்னும் எடுத்திருக்கவில்லை. நம் விளையாட்டின் தட்டு அவர்களிடமும் இருந்தது, முதலில் நம் ஊரைத் திறந்து பார்த்தார்கள். ஒரு அக்கா தெருப் பெயரைச் சத்தமாகப் படித்தாள். "யாருடி இந்த ஊசி அக்கா? இது யாரு லிஃப்ட் மாமா?" அறையே சிரித்தது. "யாரோட ஊருடி இது?" என்று என்னைக் கேட்டார்கள்.

தெரியாது என்று சொன்னேன் பாட்டி. செகண்ட் ஹேண்டில் வாங்கிய கார்டு, யாருடையதோ என்று சொன்னேன்.

அதற்குப் பிறகு வேறு ஆட்டம் ஆடிச் சேமிக்கப் போனார்கள். இடம் போதவில்லை, எதை அழிக்கட்டும் என்று திரை கேட்டது. "உன் கார்டுதானே, நீயே அழி" என்று கண்ட்ரோலரை என் கையில் கொடுத்தார்கள். யாருடையதோ என்று சொல்லியாகிவிட்டது. மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? அழுத்திவிட்டேன்.

நம் மிஷின்தான் செத்துவிட்டதே, உங்களுக்குத் தெரியவே போவதில்லை என்று இருந்தேன். லேப்டாப் வாங்கப் போவதாக உங்கள் கடிதம் வந்தது. எந்த லேப்டாப்பும் போதாது என்று சொல்லிக்கொண்டே இருந்தால் நீங்களாகவே விட்டுவிடுவீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் விடவில்லை.

என்னைத் திட்டி எழுதுங்கள். பேசாமல் மட்டும் இருக்காதீர்கள்.

பொடிசு


பிப்ரவரி 15

அன்புள்ள பேத்திக்கு,

வீட்டில் அனைவரும் நலம். உன் கடிதம் கிடைத்தது.

திட்டுவதற்கு ஒன்றும் இல்லை. கோப்பு அழிவது எனக்குப் புதிதில்லை. கரையான் தின்று பார்த்திருக்கிறேன், மழையில் ஊறிப் பார்த்திருக்கிறேன். தொலைத்தவர் அன்றைக்கே வந்து "என் கையால் போச்சு" என்று சொன்னால், அவரையும் உட்காரவைத்து டீ கொடுத்துத்தான் அனுப்புவோம்.

லேப்டாப் பற்றி நீ எழுதிய கடிதங்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். பஸ் நிலையம் பக்கத்துக் கடையில் நீட்டினேன், பெரிய கடையில் நீட்டினேன், ஸ்க்ரூவிடம் நீட்டினேன். என் பேத்தி எழுதியது என்று சொல்லிச் சொல்லி நீட்டினேன். இந்தக் கிழவியை ஏமாற்றுகிறார்கள் என்று படித்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருக்கும் போல. அந்தப் பெரிய கடைப் பெண் கேட்டாள், எதற்கு இவ்வளவு என்று. அவளிடம் உனக்காக நான் சண்டைக்கு நின்றேன். உனக்கு என் ஐந்தாம் வகுப்பு கைகொடுத்திருக்கிறது. நான் படிக்காதது ஒருநாள் உனக்கு உதவும் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று.

அந்த அறையில் சிரித்தவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்களுக்கு ஊசி அக்காவைத் தெரியாது. உனக்கு நாலு வயதில் காய்ச்சல் வந்தபோது வலிக்காமல் ஊசி போட்டவள் அவள். உனக்குத் தெரியும்.

ஸ்க்ரூவின் கல்லா மேல் இருந்த ஓட்டை லேப்டாப்பையே வாங்கிவிட்டேன். போதுகிறது. புதிதாக ஒரு ஊர் ஆரம்பித்திருக்கிறேன். முப்பத்தெட்டுப் பெயரும் நினைவில் இருக்கிறது, அலமாரி வரிசையில் யோசித்தால் ஒவ்வொருவராக வந்து நிற்கிறார்கள். விரல் ஒத்துழைக்கும் நாளில் ஒரு தெரு. இதுவரை ஒன்பது. ஊசி அக்கா தெரு முதலில். சாலையை ஆற்றங்கரை வரை கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறேன். அதற்கு மேல் ஒருத்தியால் ஆகாது.

ஒரு விஷயம் பாக்கி. கார்டு திரும்பி வந்துவிட்டதால் இழுப்பறையில் இருந்த உன் சீட்டை எடுக்கப் போனேன். எடுக்கவில்லை. வந்தது வெறும் உறை, கோப்பு வரவில்லை. கோப்பு வராமல் சீட்டை எடுப்பது எங்கள் வழக்கம் இல்லை. உன் எழுத்திலேயே அது அங்கே இருக்கிறது. திரும்ப வைத்த தேதி என்ற கட்டம் காலியாகவே இருக்கிறது. முப்பத்தொரு வருடத்தில் அந்தக் கட்டத்தை நான் யாருக்காகவும் நிரப்பியதில்லை. வாசலுக்குப் போய்க் கூப்பிட்டதும் இல்லை. எடுத்தவர்தான் வந்து எழுத வேண்டும்.

ரெக்கார்டு ரூம் வேலை நேரம் உனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
ரெக்கார்டு ரூம் உதவியாளர் (ஓய்வு)